மைதானத்தின் ஓரத்தில் நிற்பவர் யார்?

கால்பந்து ஆட்டத்தில் களத்துக்குள் ஓடும் பதினொரு பேரை எல்லோரும் பார்க்கிறார்கள். கோட்டுக்கு வெளியே, மாற்று ஆட்டக்காரர்களின் பெஞ்சுக்கு அருகில் நிற்பவரைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அவரை வேலைக்கு எடுத்தது யார்? எத்தனை மாத ஒப்பந்தம்? சம்பளம் தருவது கல்லூரியா, இடைத்தரகு நிறுவனமா? அவர் மீது ஒரு மாணவி புகார் கூற நேர்ந்தால் எந்தக் கதவைத் தட்டுவாள்? அவரே ஒரு பெண்ணாக இருந்து, மேலிருப்பவர் மீது புகார் கூற நேர்ந்தால் அவரது வேலை நிலைக்குமா?

இவை விளையாட்டுப் பக்கத்துக்கு உரிய கேள்விகள் என்று ஒதுக்கிவிட முடியாது. உழைப்பைப் பற்றியும் அதிகாரத்தைப் பற்றியும் எழும் கேள்விகள் இவை. இப்போது எழுப்பக் காரணமும் உண்டு. 2030ஆம் ஆண்டின் காமன்வெல்த் போட்டிகள் அகமதாபாத்துக்கு ஒதுக்கப்பட்டுவிட்டன. 2036 ஒலிம்பிக் போட்டிகளை நடத்த விரும்புவதாக 2024 அக்டோபரில் இந்தியா கடிதம் கொடுத்துவிட்டது. 2025 ஜூலை 1 அன்று புதிய தேசிய விளையாட்டுக் கொள்கைக்கு ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம் நிறைவேறியது. இவற்றின் தொடர்ச்சியாக ஒரு பிரச்சாரம் ஓங்கி ஒலிக்கிறது: “அமெரிக்காவைப் பாருங்கள். அங்கே கல்லூரிகளே உலக வீராங்கனைகளை உருவாக்குகின்றன. இங்கும் விளையாட்டைத் தனியார் பல்கலைக்கழகங்களிடமும் பெருநிறுவனங்களிடமும் ஒப்படையுங்கள்.”

இதற்கு அவர்கள் முன்வைக்கும் முதல் சான்று பெண்கள் கால்பந்து. அமெரிக்கப் பெண்கள் அணி உலகக் கோப்பையை 1991, 1999, 2015, 2019 என நான்கு முறை வென்றது. ஒலிம்பிக் தங்கத்தை ஐந்து முறை வென்றது. அந்த வீராங்கனைகளில் பெரும்பாலோர் கல்லூரி அணிகளில் வளர்ந்தவர்கள் என்பதும் உண்மையே. எனவே அவர்கள் காட்டும் அந்தச் சான்றையே எடுத்துக்கொண்டு, அங்கே மைதானத்தின் ஓரத்தில் நிற்பவர் யார் என்று பார்ப்போம்.

சந்தை தந்தது அல்ல, சட்டம் தந்தது

அமெரிக்கக் கல்லூரிகளில் பெண்கள் கால்பந்து வளர்ந்தது தனியார் முதலீட்டின் கருணையால் அல்ல. 1972இல் நிறைவேறிய கல்விச் சட்டத் திருத்தத்தின் ஒன்பதாவது பிரிவு, அரசு நிதி பெறும் எந்தக் கல்வி நிறுவனமும் பாலின அடிப்படையில் பாகுபாடு காட்டக் கூடாது என்று விதித்தது. பெண்ணுரிமை இயக்கங்கள் வீதியில் நின்ற காலம் அது. அந்தச் சட்டம் விளையாட்டுக்கும் பொருந்தும் என்றானபோது அதை எதிர்த்தவர்கள் யார்? ஆண்கள் விளையாட்டில் பணம் புரளும் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பான தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம்தான் எதிர்த்தது. அதன் விதிகளை எதிர்த்து 1976இல் நீதிமன்றத்துக்கே போனது. இன்று பெண்கள் கால்பந்தைத் தன் சாதனையாகக் காட்டிக்கொள்வதும் அதே சங்கம்தான்.

அதற்கு முன்பு கல்லூரிப் பெண்கள் விளையாட்டை நடத்தியது பெண்களே நிர்வகித்த ஒரு தனிச் சங்கம். 1971இல் உருவான அந்தச் சங்கமே 1981இல் பெண்களுக்கான முதல் தேசியக் கல்லூரிக் கால்பந்துப் போட்டியையும் நடத்தியது. சட்டத்தின் விளைவாகப் பெண்கள் விளையாட்டுக்கு நிதியும் கவனமும் சேர்ந்தபோது, எதிர்த்து வழக்குப் போட்ட பெரிய சங்கம் தானே பெண்கள் போட்டிகளை நடத்தத் தொடங்கியது. 1982இல் அதன் பெண்கள் கால்பந்துப் போட்டி தொடங்கியது. பெண்கள் கட்டி வளர்த்த சங்கம் ஓரிரு ஆண்டுகளில் மூடப்பட்டது. சிறியதைப் பெரியது விழுங்கும் முதலாளித்துவப் போட்டியின் பழைய கதைதான்.

சம்பளம் வந்தது, பெண்கள் வெளியேறினார்கள்

அத்துடன் வேறொன்றும் நடந்தது. 1972இல் அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் அணிகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டவற்றுக்குப் பெண்களே பயிற்சியாளர்கள். 2014ஆம் ஆண்டுக் கணக்கில் அது நாற்பத்துமூன்று அளவுக்குச் சரிந்திருந்தது. ஆடும் பெண்களின் எண்ணிக்கை பல மடங்கு பெருகிய அதே காலத்தில், அவர்களுக்குப் பயிற்சி அளிக்கும் பெண்களின் பங்கு பாதிக்கும் கீழே போனது. மறுபுறம் ஆண்கள் அணிகளுக்குப் பயிற்சியளிக்கும் பெண்கள் அன்றும் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள், இன்றும் அப்படியே.

ஏன் இப்படி ஆனது? பெண்களுக்கு ஆர்வம் குறைந்ததாலா, திறமை குறைந்ததாலா? உடற்கல்வி ஆசிரியை ஒருவர் வகுப்பு முடிந்த பின் மாலையில் மைதானத்துக்கு வந்து, தனி ஊதியம் ஏதுமின்றியோ சொற்பத் தொகைக்கோ அணியைப் பார்த்துக்கொண்ட வரை அந்த வேலைக்கு ஆண்கள் போட்டியிடவில்லை. அது பெண்களின் ‘சேவை’யாக இருந்தது. சட்டம் வந்து, நிதி ஒதுக்கீடு வந்து, அது சம்பளமும் மதிப்பும் உள்ள முழுநேர வேலையாக மாறிய மறுகணம் ஆண்கள் வந்தார்கள். வேலைக்கு ஆள் எடுக்கும் அதிகாரம் ஆண் நிர்வாகிகளின் கையில் இருந்ததால் வந்தவர்களுக்கே இடமும் கிடைத்தது. வீட்டில் பெண் சமைத்தால் கடமை, ஓட்டலில் ஆண் சமைத்தால் தொழில் என்று நம் ஊரில் சொல்வோமே, அதே விதி கால்பந்து மைதானத்திலும் வேலை செய்தது. கூலியில்லாத வரை பெண்ணின் உழைப்பு, கூலி வந்ததும் ஆணின் பதவி.

அங்கே சம்பளமில்லா உழைப்பு முற்றிலும் ஒழிந்துவிட்டதா? இல்லை. கோடிக்கணக்கான டாலர் புரளும் அந்தக் கல்லூரி விளையாட்டில், பெண்கள் கால்பந்து உட்படப் பல விளையாட்டுகளில், ‘தன்னார்வப் பயிற்சியாளர்’ என்றொரு பதவியை விதியிலேயே எழுதி வைத்திருந்தார்கள். முழுநேரமும் வேலை செய்யலாம். சம்பளம் மட்டும் கொடுக்கக் கூடாது. கல்லூரி கொடுக்க விரும்பினாலும் விதி தடுக்கும்! பயிற்சியாளர்கள் நீதிமன்றம் சென்று போராடிய பின்னரே 2023இல் அந்த விதி நீக்கப்பட்டது. அதே நாட்டின் பல மாநிலங்களில் அரசு ஊதியம் பெறுவோரிலேயே மிக அதிகச் சம்பளம் வாங்குபவர் ஆளுநர் அல்லர். அரசுப் பல்கலைக்கழகத்தின் ஆண்கள் அணிப் பயிற்சியாளர். ஒரே வளாகத்தில் ஒருவருக்குக் கோடிகள், இன்னொருவருக்கு எதுவுமில்லை.

ஓர் இடத்தின் விலை நான்கு லட்சம் டாலர்

பணமும் தட்டிக்கேட்கப்படாத அதிகாரமும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை யேல் பல்கலைக்கழகம் காட்டியது. உலகின் மிகப் புகழ்பெற்ற கல்விக்கூடங்களில் ஒன்று அது. அங்கே அணிக்குத் தேவையான மாணவி என்று பயிற்சியாளர் பரிந்துரைத்தால் சேர்க்கையில் முன்னுரிமை கிடைக்கும். அந்தப் பரிந்துரையை, 1995 முதல் 2018 வரை அதன் பெண்கள் கால்பந்து அணியை நடத்திய தலைமைப் பயிற்சியாளர் விற்றார். போட்டிக் கால்பந்தே ஆடாத ஒரு செல்வந்தர் வீட்டுப் பெண் கால்பந்து வீராங்கனையாகச் சித்தரிக்கப்பட்டாள். குடும்பம் தரகருக்குக் கொடுத்தது 12 லட்சம் டாலர். பயிற்சியாளருக்குப் போனது 4 லட்சம் டாலர். பின்னர் அவரே தரகர் இல்லாமல் இன்னொரு தந்தையிடம் நேரடியாக 4.5 லட்சம் டாலர் பேரம் பேசியபோது சிக்கினார். 2019இல் இந்த ஊழல் வெடித்தது. 2022 நவம்பரில் அவருக்கு ஐந்து மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது. தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் முன்னாள் பெண்கள் கால்பந்துத் தலைமைப் பயிற்சியாளரும் துணைப் பயிற்சியாளரும் இதே ஊழலில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள்.

இதை மூன்று பேரின் பேராசையாக மட்டும் பார்ப்பது தவறு. பல்கலைக்கழகமே ஒரு பண்டமாகிவிட்ட பிறகு, அதன் வாசலில் நிற்பவர் கட்டணம் வசூலிக்கத் தொடங்குவதில் வியப்பில்லை. கால்பந்துத் திறமையை நம்பிக் கல்லூரிக் கனவு காணும் ஏழைப் பெண்ணின் இடம்தான் அங்கே விற்கப்பட்டது.

இடத்தை விற்கும் அதிகாரம் உள்ளவரிடம், இடத்துக்காக அஞ்சி நிற்கும் பெண்களும் இருப்பார்கள். அமெரிக்கத் தொழில்முறைப் பெண்கள் லீக்கில் பயிற்சியாளர்களின் பாலியல் அத்துமீறல்கள் குறித்து விசாரித்த குழு 2022 அக்டோபரில் அறிக்கை வெளியிட்டது. அத்துமீறல்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக நிகழ்ந்தவை அல்ல, அமைப்பு முழுவதிலும் பரவியிருந்தவை என்றது அறிக்கை. அதன் வேர் இளையோர் அணிகளிலேயே தொடங்குகிறது என்றும், பயிற்சியாளரின் வசைமொழியும் எல்லை மீறலும் இயல்பானவையாக அங்கேயே பழக்கப்படுத்தப்படுகின்றன என்றும் அது கூறியது. நமக்குக் காட்டப்படும் உதாரணத்தின் மறுபக்கம் இதுதான்.

நமது கல்லூரி மைதானங்கள்

இனி நம் நாட்டுக்கு வருவோம். அமெரிக்கக் கல்லூரி அணி ஒன்றில் தலைமைப் பயிற்சியாளர், துணைப் பயிற்சியாளர்கள், கோல்கீப்பர் பயிற்சியாளர், உடல்வலுப் பயிற்சியாளர், காயங்களைக் கவனிக்கும் சிகிச்சையாளர் எனப் பலர் இருப்பார்கள். இந்தியாவில் பெரும்பாலான கல்லூரிகளில் இந்த அத்தனை வேலைக்கும் ஓர் உடற்கல்வி இயக்குநர் இருந்தால் அதுவே பெரிது. கபடி, கைப்பந்து, தடகளம், கால்பந்து, ஆண்கள், பெண்கள் அனைத்தும் அவர் தலையில்தான். பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிகளின்படி அது ஆசிரியர் நிலைப் பதவி. அவர் ஓய்வு பெற்றால் அந்த இடம் நிரப்பப்படாமல் கிடப்பதைப் பல மாநிலங்களில் பார்க்கிறோம்.

அப்படியானால் அணியைத் தயார் செய்வது யார்? பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான மண்டலப் போட்டி அறிவிக்கப்பட்டதும் சில வாரங்களுக்கு ஒருவர் மதிப்பூதியத்தில் அழைக்கப்படுகிறார். பெரும்பாலும் ஆண். பெண்கள் அணி வெளியூர் செல்லும்போது ‘துணைக்கு’ ஒரு பேராசிரியை அனுப்பப்படுகிறார். கால்பந்து அவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய கட்டாயமில்லை. போட்டி முடிந்ததும் பயிற்சியாளர் வீட்டுக்குப் போகிறார். அடுத்த ஆண்டு வேறொருவர் வருவார். முழங்காலில் தசைநார் கிழிந்த மாணவியை மறு ஆண்டு யார் கவனிப்பது? கேட்க ஆள் இல்லை.

இந்த நிலை தற்செயலானது அல்ல. ஆசிரியர் பணியிடங்களை நிரப்பாமல் கௌரவ விரிவுரையாளர்களை வைத்து ஓட்டும் அதே நவீன தாராளமயக் கொள்கைதான் மைதானத்திலும் ஒப்பந்தப் பயிற்சியாளரை நிறுத்துகிறது. பயிற்சியாளர் உரிமத்தின் ஒவ்வொரு படிக்கும் வகுப்பு உண்டு, கட்டணம் உண்டு, ஊரை விட்டுத் தங்க வேண்டிய நாட்கள் உண்டு. அடுத்த பருவத்தில் வேலை உண்டா என்றே தெரியாத ஒரு பெண், குழந்தையை யாரிடமோ விட்டுவிட்டு, கைப்பணத்தைச் செலவிட்டு அந்தப் படிகளில் ஏறுவாரா? ஏறியவர்களின் சாதனையை மறந்துவிடக் கூடாது. 2017இல் மேமோல் ராக்கி இந்தியப் பெண்கள் தேசிய அணியின் தலைமைப் பொறுப்பை ஏற்ற முதல் பெண் பயிற்சியாளர் ஆனார். 2020இல் பி.வி. பிரியாவின் பயிற்சியில் கோகுலம் கேரளா அணி இந்தியப் பெண்கள் லீக்கை வென்றது. பெண்களால் முடியாது என்பவர்களுக்கு இதற்கு மேல் பதில் வேண்டியதில்லை. ஆனால் தேசிய அணிக்கு முதல் பெண் தலைமைப் பயிற்சியாளர் வர 2017 வரை காத்திருக்க வேண்டியிருந்தது ஏன் என்ற கேள்விக்குத்தான் பதில் வேண்டும்.

பயத்தின் பெயர் ஒழுக்கம்

இந்திய விளையாட்டு ஆணையத்தில் பத்தாண்டுகளில் 45 பாலியல் துன்புறுத்தல் புகார்கள் பதிவானதாகவும், அவற்றில் 29 புகார்கள் பயிற்சியாளர்கள் மீது என்றும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் மூலம் 2020இல் வெளியானது. பல புகார்களில் கிடைத்த ‘தண்டனை’ இடமாற்றமும் ஊதியத்தில் அல்லது ஓய்வூதியத்தில் சிறு குறைப்பும்தான். பயிற்சியாளர்கள் மீதான புகார்கள் பல வெளியே வருவதே இல்லை என்பதால் உண்மை எண்ணிக்கை இன்னும் கூடுதலாக இருக்கலாம் என்று பெண்கள் மேம்பாட்டுக்கான நாடாளுமன்றக் குழுவே 2019இல் சுட்டிக்காட்டியிருந்தது.

2022இல் இந்தியா பதினேழு வயதுக்குட்பட்ட பெண்களின் உலகக் கோப்பையை நடத்தியது. அதற்குச் சில மாதங்களுக்கு முன், ஐரோப்பியப் பயணத்தில் இருந்த இந்திய அணியின் துணைப் பயிற்சியாளர் பாலியல் முறைகேட்டுக்காக நீக்கப்பட்டார். அணியில் இருந்தவர்கள் சிறுமிகள். 2024 மார்ச்சில் கோவாவில் நடந்த லீக் போட்டியின்போது, தங்கள் அறைக்குள் புகுந்து ஒரு நிர்வாகி தாக்கியதாக இமாச்சல அணி வீராங்கனைகள் இருவர் புகார் கூறினர். அவர் அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்தின் செயற்குழு உறுப்பினர். காவல்துறை அவரைக் கைது செய்தது. சம்மேளனம் பின்னர் இடைநீக்கம் செய்தது.

மல்யுத்த வீராங்கனைகளின் போராட்டத்தை நாம் மறக்கவில்லை. 2023 ஜனவரியில் ஜந்தர் மந்தரில் அமர்ந்தவர்கள் ஒலிம்பிக்கிலும் உலகப் போட்டிகளிலும் பதக்கம் வென்றவர்கள். குற்றம் சாட்டப்பட்டவர் பாஜக எம்.பி. புதிய நாடாளுமன்றக் கட்டிடம் திறக்கப்பட்ட 2023 மே 28 அன்று அவர்களைக் காவல்துறை தெருவில் இழுத்துச் சென்றதை உலகமே பார்த்தது. பதக்கம் வென்றவருக்கே இதுதான் கதி என்றால், மாவட்டக் கல்லூரி ஒன்றின் அணியில் இடத்துக்காகக் காத்திருக்கும் முதலாண்டு மாணவி யாரிடம் போய்ச் சொல்வாள்?

பயிற்சியாளரே புகார்தாரராகும்போது என்ன நடக்கிறது என்பதற்கு ஹரியானா சான்று. 2022 டிசம்பரில், அம்மாநில பாஜக அரசின் விளையாட்டுத்துறை அமைச்சர் மீது அத்துறையில் பணிபுரிந்த இளநிலைப் பெண் பயிற்சியாளர் ஒருவர் பாலியல் துன்புறுத்தல் புகார் அளித்தார். வழக்குப் பதிவானது. அமைச்சர் விளையாட்டுத் துறையை மட்டும் விட்டுக்கொடுத்தார், அமைச்சரவையில் நீடித்தார். 2023 ஆகஸ்டில் பணியிடை நீக்கம் செய்யப்பட்டவர் அந்தப் பெண் பயிற்சியாளர். குற்றச்சாட்டின் உண்மையை நீதிமன்றம் முடிவு செய்யட்டும். யார் நாற்காலியில் இருந்தார், யார் வேலையிலிருந்து விலக்கப்பட்டார் என்பதை முடிவு செய்ய நீதிமன்றம் தேவையில்லை.

இந்த நிகழ்வில் நமக்கு ஒரு பாடமும் உண்டு. “பெண் பயிற்சியாளர்களை நியமித்துவிட்டால் போதும், பிரச்சினை தீர்ந்தது” என்று சில தாராளவாத நண்பர்கள் கூறுகிறார்கள். பெண்கள் அணிக்குப் பெண் பயிற்சியாளர் வேண்டும் என்பதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அவரது ஒப்பந்தம் மார்ச் மாதத்தோடு முடிகிறது என்றால், அதைப் புதுப்பிக்கும் கை யாருடையதோ அவருக்கு எதிராக அவர் எப்படி வாய் திறப்பார்? வேலைப் பாதுகாப்பு இல்லாத பெண் தன்னையே காத்துக்கொள்ள முடியாது. தன் மாணவிகளை எப்படிக் காப்பார்? பாலினச் சமத்துவத்தையும் வேலைப் பாதுகாப்பையும் தனித்தனியே வெல்ல முடியாது என்பது தத்துவ வகுப்பில் மட்டும் சொல்லும் வாசகம் அல்ல, மைதானத்தின் அன்றாட உண்மை.

சட்டம் ஏட்டில், மாணவி களத்தில்

சட்டம் இல்லாமல் இல்லை. பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், விளையாட்டு நிறுவனம், மைதானம், போட்டி நடக்கும் இடம் ஆகியவற்றையும் பணியிடம் என்றே வரையறுக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிகள், ஒவ்வொரு உயர்கல்வி நிறுவனத்திலும் அமையும் உள்ளகப் புகார்க் குழுவில் ஜனநாயக முறையில் தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவர் பிரதிநிதிகள் இருக்க வேண்டும் என்கின்றன. நடைமுறை என்ன? மல்யுத்த வீராங்கனைகள் போராடிய 2023இல், முப்பது தேசிய விளையாட்டுச் சம்மேளனங்களில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் சட்டப்படியான புகார்க் குழுவே இல்லை என்பது வெளிச்சத்துக்கு வந்தது. கல்லூரிகளிலோ மாணவர் பேரவைத் தேர்தலே நடக்காதபோது மாணவர் பிரதிநிதி எங்கிருந்து வருவார்? ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் மாணவர்களும் ஆசிரியர்களும் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளுடன் 1999 முதல் இயங்கி, நாட்டுக்கே முன்மாதிரியாக விளங்கிய புகார்க் குழுவை 2017இல் கலைத்தவர்கள்தான் இன்று ‘பாதுகாப்பான விளையாட்டு’ பற்றிப் பேசுகிறார்கள்.

2025ஆம் ஆண்டின் விளையாட்டு நிர்வாகச் சட்டம் சம்மேளனங்களின் செயற்குழுவில் குறைந்தது நான்கு பெண்கள் இருக்க வேண்டும் என்கிறது. பாதுகாப்புக் கொள்கை வேண்டும் என்கிறது. இவை வீராங்கனைகளின் போராட்டம் பெற்றுத் தந்தவை. யாருடைய கொடையும் அல்ல. ஆனால் மைதானத்தில் நின்று அன்றாடம் பயிற்சியளிப்பவரின் பணி நிலை, ஊதியம், நிரந்தரம் பற்றி அந்தச் சட்டம் வாய் திறக்கவில்லை. புதிய விளையாட்டுக் கொள்கை அரசு-தனியார் கூட்டையும் பெருநிறுவன சமூகப் பொறுப்பு நிதியையும் நம்பச் சொல்கிறது. பெருநிறுவனம் தொலைக்காட்சியில் தெரியும் இடத்தில் தன் பெயரை எழுதும். மண்டலப் போட்டியின் முதல் சுற்றில் தோற்றுத் திரும்பும் ஒரு கல்லூரி அணியின் பயிற்சியாளருக்கு அது மாதச் சம்பளம் கொடுக்காது. அதைச் செய்ய வேண்டியது அரசு.

அரசு வேலை செய்தால் என்ன நடக்கும் என்பதற்குச் சான்று தேடி அமெரிக்கா போக வேண்டியதில்லை. பெண் சிசுக்கொலைக்கும் சாதியக் கட்டுப்பாடுகளுக்கும் பேர்போன ஹரியானாவின் பிவானி மாவட்டத்தில் அலக்புரா என்றொரு கிராமம். அங்கே ஓர் அரசுப் பள்ளி உடற்கல்வி ஆசிரியர் பெண் பிள்ளைகளிடம் ஒரு பந்தைக் கொடுத்தார். அந்தப் பள்ளி 2015, 2016 இரண்டு ஆண்டுகளும் பெண்களுக்கான சுப்ரதோ கோப்பையை வென்றது. மணிப்பூரின் பேம்பேம் தேவி இந்தியப் பெண்கள் கால்பந்தின் முகமாக நீண்ட காலம் ஆட முடிந்ததற்கு அவருக்கு மாநிலக் காவல்துறையில் கிடைத்த வேலையும் ஒரு காரணம். பள்ளியில் நிரந்தர ஆசிரியர், பின்னர் அரசு வேலை என்ற இந்த இரண்டு தூண்களின் மீதுதான் இந்தியப் பெண்கள் கால்பந்து நிற்கிறது. இந்த இரண்டையும்தான் இன்றைய அரசு இடித்துக்கொண்டிருக்கிறது.

நமக்குள் ஒரு கேள்வி

“விலைவாசி, வேலையின்மை, வகுப்புவாதம் என்று எத்தனையோ இருக்க, கல்லூரிப் பெண்கள் கால்பந்துப் பயிற்சியாளரைப் பற்றிப் பேசவா நேரம்?” என்று தோழர்கள் சிலர் கேட்கக்கூடும். கௌரவ விரிவுரையாளரின் போராட்டப் பந்தலில் நிற்கிறோம். அங்கன்வாடி ஊழியரை ஊழியர் என்று அங்கீகரிக்கக் கோருகிறோம். ஆஷா ஊழியரின் ‘தன்னார்வ’ முகமூடியைக் கிழிக்கிறோம். மதிப்பூதியம் என்ற பெயரில் பெண்ணின் உழைப்பைக் கூலியில்லா உழைப்பாக்கும் அதே உத்தி மைதானத்தில் நடந்தால் மட்டும் அது நம் கண்ணில் படுவதில்லை. மாணவர் அரங்கின் கோரிக்கைப் பட்டியலில் விடுதி உண்டு, கட்டணம் உண்டு. அணியின் பயிற்சியாளர் இடம் பெறுவதில்லை. ஆசிரியர் சங்கங்களின் உறுப்பினர் பதிவேட்டில் ஒப்பந்தப் பயிற்சியாளரின் பெயர் ஏறுவதில்லை. இது நமது குறை. திருத்திக்கொள்ள வேண்டும்.

நமது கோரிக்கைகள் தெளிவாக இருக்கட்டும். அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளில் உடற்கல்வி இயக்குநர் காலியிடங்கள் உடனே நிரப்பப்பட வேண்டும். பல்கலைக்கழகம் தோறும், அணிகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப நிரந்தரப் பயிற்சியாளர் பணியிடங்கள் உருவாக்கப்பட வேண்டும். தற்காலிக ஊழியருக்கும் சம வேலைக்குச் சம ஊதியம் என்று உச்சநீதிமன்றம் 2016இல் கூறியது. குஜராத்தின் ஒப்பந்த உதவிப் பேராசிரியர்கள் வழக்கில் 2025 ஆகஸ்டில் அதையே வலியுறுத்தியது. அந்த நெறி பயிற்சியாளருக்கும் பொருந்த வேண்டும். பெண்கள் அணிகளின் பயிற்சியாளர் குழுவில் பாதிக்குக் குறையாமல் பெண்கள் இருக்க வேண்டும். அவர்களது உரிம வகுப்புக் கட்டணத்தையும் குழந்தைப் பராமரிப்புச் செலவையும் அரசே ஏற்க வேண்டும். அணித் தேர்வு ஒரே ஆளின் கையில் இருக்கக் கூடாது. தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவியர் இடம்பெறும் புகார்க் குழுவின் அதிகாரம், அணி பயணம் செய்யும் ரயில் பெட்டி வரை, தங்கும் விடுதி அறை வரை செல்ல வேண்டும். புகார் அளிக்கும் மாணவியின் இடமும், பயிற்சியாளரின் வேலையும் விசாரணை முடியும் வரை பறிக்கப்படக் கூடாது.

இவற்றை யாரும் தாமாக முன்வந்து தரப் போவதில்லை. அமெரிக்காவில் 1972ஆம் ஆண்டுச் சட்டமும் போராடிப் பெற்றதுதான். ஆனால் ஆடும் உரிமையை வென்ற பெண்கள், பயிற்சியளிக்கும் வேலையைக் காக்கும் வலிமையான சங்கம் இல்லாததால் அதை இழந்தார்கள். அந்தத் தவறு இங்கே நிகழாமல் தடுக்க நமக்கு இன்னும் நேரம் இருக்கிறது. மாணவர், மாதர், ஆசிரியர் அரங்குகளில் பணியாற்றும் தோழர்கள் தங்கள் பகுதிக் கல்லூரியின் மைதானத்துக்கு ஒரு மாலை செல்லட்டும். கோட்டுக்கு வெளியே நிற்பவரிடம் பேசட்டும். சம்பளம் எவ்வளவு, எத்தனை மாதத்துக்கு என்று கேட்கட்டும். மாணவிகளிடம், புகார்க் குழுவில் இருப்பவர்களின் பெயர் தெரியுமா என்று கேட்கட்டும். வரும் பதில்களிலிருந்து நமது அடுத்த இயக்கம் தொடங்கட்டும்.